யூசர்நேமை மாற்றச் சொல்கிறார்களா? எதிர்ப்பதென்றால் இப்படி எதிர்க்கலாம்

2023 மே 3 அன்று டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பெயருக்குப் பின்னால் ஹேஷ் (#) போட்டு வரும் நாலு இலக்க எண் இனி கிடையாது, எல்லாரும் புதிதாக ஒரு யூசர்நேம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு பெயர் உலகம் முழுக்க ஒருவருக்குத்தான், அதுவும் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு இவை மட்டும்தான் என்று. 2015-இல் தொடங்கிய நாளிலிருந்து எட்டு வருஷம் பழகிய முறை ஒரே பதிவில் முடிந்துபோனது. எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. ஆனால் மாற்றம் நிற்கவில்லை, அடுத்த மாதமே அமலுக்கு வரத் தொடங்கியது.

அந்த நாட்களில் வந்த பதிவுகளை நான் நிறையப் படித்தேன். கோபம் நியாயமானது. ஆனால் அதில் பாதிக்கு மேல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, போனதிலும் பாதி "பழையதையே வையுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இப்படி ஒரு அறிவிப்பு இன்னொரு தளத்தில் நாளைக்கே வரலாம். வந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் வேலை, அறிவிப்பை முழுசாகப் படிப்பது. ஸ்கிரீன்ஷாட்டை அல்ல, யாரோ போட்ட இரண்டு வரிச் சுருக்கத்தையும் அல்ல, மூலத்தையே படிக்க வேண்டும். டிஸ்கார்ட் விஷயத்தில் பலர் "என் பெயரையே பிடுங்கிவிட்டார்கள், இனி எல்லாரும் பெயருக்குப் பின்னால் குப்பை எண்களோடு அலைய வேண்டும்" என்று எழுதினார்கள். ஆனால் அந்த அறிவிப்பிலேயே டிஸ்ப்ளே நேம் என்று தனியாக ஒன்று இருந்தது. அதில் தமிழ் எழுத்து வைக்கலாம், இடைவெளி விடலாம், இன்னொருவர் அதே பெயரை வைத்திருந்தாலும் பிரச்சினை இல்லை. அரட்டையில் மற்றவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். இதைக் கவனிக்காமல் எழுதிய புகாரை அந்தப் பக்கம் இருப்பவர் ஒரே வரியில் தள்ளிவிடலாம், தள்ளவும் செய்தார்கள்.

அவர்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகப் பாருங்கள். டிஸ்கார்ட் சொன்ன காரணம் இதுதான்: நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்கள் எண் நினைவில் இல்லை அல்லது அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, அனுப்பப்படும் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட்களில் கிட்டத்தட்ட பாதி சரியான ஆளிடம் போய்ச் சேரவில்லை. இது பொய்க் காரணம் இல்லை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும், கூடவே ஒரு நாலு இலக்க எண், போனில் வாயால் சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு. ஆகவே "பழைய முறையில் ஒரு குறையும் இல்லை" என்று தொடங்கினால் அங்கேயே தோற்றீர்கள். "குறை இருக்கிறது, அதற்கு இந்த மருந்து தப்பு, இதைவிட நல்ல மருந்து இது" என்று தொடங்குங்கள்.

எதிர்த்துக்கொண்டே பெயரைப் பத்திரப்படுத்துங்கள்

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எதிர்க்கிறேன் என்பதற்காகப் புதுப் பெயர் எடுக்காமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது, உங்கள் பெயரை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது அது. டிஸ்கார்டில் பழைய கணக்குகளுக்கு முதலில் வாய்ப்பு, பிறகு படிப்படியாகப் புதியவர்களுக்கு என்று போனது. வரிசை நகர நகர நல்ல பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. உங்கள் முறை வந்த அன்றே எடுங்கள், எடுத்துவிட்டு எதிர்ப்பைத் தொடருங்கள். இரண்டுக்கும் முரண் இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், பல வருஷம் முன்பு வேறொரு அரட்டைத் தளத்தில் இப்படி ஒரு மாற்றம் வந்தபோது நான் இரண்டு வாரம் பிடிவாதமாகச் சும்மா இருந்தேன், அதற்குள் என் பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் எனக்கு அனுப்ப வேண்டிய வரைவுகளை மூன்று பேர் அந்த ஆளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் நல்லவராக இருந்ததால் திருப்பிச் சொன்னார்.

அடுத்தது உங்கள் ஐடி எண். பெயர் எத்தனை தடவை மாறினாலும் கணக்கின் அடியில் இருக்கும் இந்த எண் மாறாது. டிஸ்கார்டில் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்ட் என்ற பகுதியில் டெவலப்பர் மோடை ஆன் செய்துவிட்டு, உங்கள் பெயரை ரைட் கிளிக் செய்தால் ஐடியை காப்பி செய்யும் வசதி வரும். நீளமான எண். அதைக் குறித்து வையுங்கள், நெருக்கமான நண்பர்கள், சர்வர் (டிஸ்கார்டில் ஒரு குழுவுக்கு இதுதான் பெயர்) அட்மின்கள், ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் மாட்கள் எல்லாருடைய ஐடியையும் ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள்.

இந்த எண்ணுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கணக்கு தொடங்கிய நேரம் அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஐடியை 41,94,304 ஆல் வகுங்கள், வருவது 2015 ஜனவரி 1 பிறந்த நொடியிலிருந்து கணக்கு தொடங்கிய நேரம் வரைக்குமான மில்லி செகண்ட். அதை 8,64,00,000 ஆல் வகுத்தால் நாள் கணக்கு வந்துவிடும். "நான்தான் உங்கள் பழைய அட்மின், பெயர் மாற்றத்தில் கணக்கு போய்விட்டது" என்று ஒருவர் வந்து நின்றால், அவர் ஐடியை வகுத்துப் பாருங்கள். போன வாரம் பிறந்த கணக்கு என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் பாதிப்பை உங்கள் பெயரோடு எழுதுங்கள்

இனி எதிர்ப்பின் உள்ளடக்கம். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதை யாரும் எண்ணிக்கையாகத்தான் பார்ப்பார்கள். "எனக்கு இது நடக்கும், இப்படி நடக்கும்" என்பதை உட்கார்ந்து படிப்பார்கள். தமிழ் பேசுகிறவர்களிடம் இதற்கு உருப்படியான காரணங்கள் இருக்கின்றன, அவற்றை வேறு யாரும் நமக்காகச் சொல்லப் போவதில்லை.

எழுத்திலிருந்து தொடங்குவோம். பழைய முறையில் யூசர்நேமையே தமிழில் வைக்க முடிந்தது. தூவானம் என்று தமிழிலேயே பெயர் வைத்து, நாலு வருஷம் அதே பெயரில் ஓவியம் போட்டு வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். புது விதியில் அவர் அந்தப் பெயரை டிஸ்ப்ளே நேமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருந்தாக வேண்டும். தூவானத்தில் வரும் நெடில்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? தூ-வுக்கு யூ ஒன்றா, இரண்டா, இல்லை இரண்டு ஓவா? வா-வுக்கு ஏ ஒன்றா இரண்டா? த-வுக்கு ஹெச் உண்டா? கார்த்திக் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கே மட்டும் போடுகிறவர், சி-யும் கே-யும் போடுகிறவர், முதலில் ஏ இரண்டு போடுகிறவர் என்று நம் ஊரிலேயே ஏழெட்டு விதம் இருக்கிறது. நண்பர்களை எளிதாகக் கண்டுபிடிக்கத்தான் இந்த மாற்றம் என்று சொல்கிறவர்களிடம், தமிழ்ப் பெயர்களுக்கு இது தேடலைக் கடினமாக்குகிறது என்று காட்டுவது பலமான வாதம். அவர்கள் காரணத்தை வைத்தே அவர்களிடம் பேசுகிறீர்கள்.

இன்னொன்று, பொதுவான பெயர்கள். பழைய முறையில் ஒரே பெயரைக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் வைத்துக்கொள்ள முடிந்தது, எண் மட்டும் வேறு. பிரியா, அருண், கார்த்திக் என்று பெயர் இருப்பவர்களுக்கு ஒரே ஒருவருக்கான பெயர் என்பது தொடக்கத்திலேயே மூடிய கதவு. முதலில் போனவருக்குப் பெயர், மற்றவர்கள் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்ப்பார்கள். எண்ணை எடுத்துவிட்டோம் என்கிறார்கள், ஆனால் எண் வேறு வழியில் திரும்பி வருகிறது, இந்தத் தடவை அது பிறந்த வருஷமாக வருகிறது. பள்ளி மாணவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆள்மாறாட்டம் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேசுங்கள். பழைய முறையிலும் அதே பெயர் வைத்து வேறு எண்ணோடு வந்து ஏமாற்ற முடிந்தது, அதை மறைக்காதீர்கள். ஆனால் அன்றைக்குப் பெயரை மட்டும் பார்த்து யாரும் நம்ப வேண்டியதில்லை, எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு "இந்தப் பெயர் ஒருவருக்குத்தான்" என்று தளமே சொல்லும்போது, மீனாவுக்கும் ராஜுக்கும் நடுவில் புள்ளி வைத்தது ஒருவர், அடிக்கோடு வைத்தது இன்னொருவர், கடைசியில் அடிக்கோடு வைத்தது மூன்றாமவர் என்று வந்தால், பார்க்கிறவர் மனசு தானாக நம்பிவிடும். போன் திரையில் அந்தப் புள்ளி தெரிகிறதா என்று நீங்களே வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூன்று பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகாரோடு அனுப்புங்கள். பத்துப் பத்தி எழுதுவதைவிட அந்த ஒரு படம் பேசும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறு. எண் இருந்தபோது உங்கள் பெயர் தெரிந்த ஒருவர், எண் தெரியாமல் உங்களைப் பிடிக்க முடியாது. விட்டுவிட்டு வந்த ஒருவரிடமிருந்து விலகி இருக்கும் பெண்ணுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு குழுவில் மூச்சு விடும் பையனுக்கு, அந்த நாலு எண் ஒரு தாழ்ப்பாள் மாதிரி. எல்லாத் தளத்திலும் ஒரே பெயர் வைத்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே எடுப்பார்கள், ஊகித்துத் தட்டினால் வந்து நிற்கும். இது உங்களுக்கு நடந்திருந்தால் சொல்லுங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம், அது உங்கள் உரிமை. வேறொருவருக்கு நடந்ததை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள்.

மாற்று வழியையும் கூடவே வையுங்கள்

கடிதத்தின் பாதி இதுவாக இருக்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்துக்கொள்ளலாம். எண் நினைவில் இல்லாதவர்களுக்கு ஒரு லிங்க், ஒரு க்யூஆர் கோடு கொடுக்கலாம். எண்ணோடு கூடிய பெயரை விருப்பமுள்ளவர் வைத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். தமிழ் உட்பட மற்ற எழுத்துகளிலும் தேட வழி செய்யலாம்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்றால், நடந்த உதாரணம் காட்டுங்கள். ரையட் நிறுவனம் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டில், ஒரே ஒருவருக்கான பெயர் என்றிருந்ததை மாற்றி 2023 நவம்பரில் ஹேஷ் போட்டுப் பின்னொட்டு வரும் முறைக்குப் போனது, டிஸ்கார்ட் எதைக் கைவிட்டதோ கிட்டத்தட்ட அதற்கே. 2024 பிப்ரவரியில் சிக்னல் என்ற மெசேஜ் ஆப் யூசர்நேம் கொண்டுவந்தபோது பெயரின் கடைசியில் குறைந்தது இரண்டு இலக்கம் இருக்க வேண்டும் என்று வைத்தது. டிஸ்கார்டிலேயே பாட்களுக்கு, அதாவது தானாக இயங்கும் நிரல் கணக்குகளுக்கு, அந்த நாலு இலக்க எண் தொடர்ந்தது, மனிதர்களுக்கு மட்டும்தான் எடுத்தார்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், சொல்ல வந்தது தெளிவாகும். இப்படி:

"2018 முதல் உங்கள் தளத்தில் இருக்கிறேன். 600 பேர் இருக்கும் தமிழ் வாசிப்புக் குழுவை நடத்துகிறேன். எங்கள் உறுப்பினர்களில் பலர் தமிழ் எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். புது விதிப்படி அவர்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஒரே பெயருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல் வருகிறது, படம் இணைத்திருக்கிறேன். நண்பரைக் கண்டுபிடிப்பது எளிதாகும் என்றீர்கள், எங்களுக்குக் கடினமாகிறது. என் கோரிக்கை இரண்டு. தமிழ் எழுத்திலும் தேட வழி செய்யுங்கள். பழைய பெயரைத் தட்டினால் புதுக் கணக்குக்குப் போகும்படி ஒரு வருஷமாவது வையுங்கள்."

அவ்வளவுதான். யார், எத்தனை நாளாக, என்ன பாதிப்பு, என்ன வேண்டும். கோரிக்கை இரண்டைத் தாண்டினால் எதையும் செய்ய மாட்டார்கள்.

எங்கே, எப்போது

அறிவிப்பு வந்த முதல் ஒரு வாரம்தான் பொன்னான நேரம், அமலுக்கு வந்த பிறகு திருப்புவது மிக மிகக் கடினம். 2010 ஜூலை 6 அன்று பிளிஸார்ட் நிறுவனம் தன் விளையாட்டு விவாதப் பக்கங்களில் இனி உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட ஊழியர் ஒருவரே தன் பெயரைப் போட, கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களை மற்றவர்கள் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஜூலை 9 அன்று நிறுவனத் தலைவர் மைக் மோர்ஹைம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். மூன்றே நாள். இன்னும் அமலுக்கு வரவில்லை, ஆபத்து எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அதனால் நின்றது. கூகுள் பிளஸ் 2011-இல் தொடங்கும்போதே உண்மைப் பெயர் விதியோடு வந்தது, அதை எடுக்க 2014 ஜூலை ஆனது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேகம் ஏன் முக்கியம் என்று புரியும்.

எனவே அதிகாரப்பூர்வ ஃபீட்பேக் பக்கம், சப்போர்ட் டிக்கெட், அறிவிப்பு வந்த பதிவின் அடியிலேயே பதில் என்று மூன்றிலும் அதே கடிதத்தைப் போடுங்கள். டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள். தானியங்கிப் பதில் வந்தால் அதிலேயே திரும்ப எழுதுங்கள்.

பணம் கட்டுகிறவரா? அப்படியென்றால் உங்கள் கையில் இன்னொரு கருவி இருக்கிறது. 2021 நவம்பரில் டிஸ்கார்டின் தலைவராக இருந்த ஜேசன் சிட்ரன் கிரிப்டோ வாலட்டை இணைப்பது போல ஒரு படத்தைப் பகிர்ந்தார், உடனே பலர் நைட்ரோ என்ற டிஸ்கார்டின் கட்டணச் சந்தாவை ரத்து செய்து அதைப் பொதுவில் சொல்லவும் செய்தார்கள். இரண்டே நாளில், இப்போதைக்கு இதை வெளியிடும் திட்டம் இல்லை என்று அவரே சொன்னார். ரத்து செய்யும்போது காரணம் கேட்டால் "மற்றவை" என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள், யூசர்நேம் மாற்றம்தான் காரணம் என்று எழுதுங்கள். அதே காரணத்தைப் பலர் எழுதினால்தான் அது அவர்கள் கணக்கில் தனியாகத் தெரியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தாவுக்கு முன்னுரிமை தரும் மாற்றமாக இருந்தால் (டிஸ்கார்ட் பழைய சந்தாதாரர்களுக்கு அப்படித் தந்தது) முதலில் பெயரை எடுத்துவிட்டு அப்புறம் ரத்து செய்யுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவர் தொடர்பு விவரம் தளத்திலேயே இருக்க வேண்டும். வடிவமைப்பை மாற்றாதே என்று இதை வைத்துத் தடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாற்றத்தின்போது உங்கள் பெயரில் ஒருவர் ஆள்மாறாட்டம் செய்தால் புகார் அங்கேதான் போக வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 2023 முதல் இயங்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் இணையத்திலேயே போகலாம்.

தனியாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்தால் நல்லது. சர்வர் நடத்துகிறவராக இருந்தால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அறிவிப்பை நல்ல தமிழில் சுருக்கி, எல்லார் கண்ணிலும் படும்படி குழுவில் 'பின்' (pin) செய்து வைப்பது. ஆங்கில அறிவிப்பைப் படிக்காமல் விட்டு, பெயர் மாற்றச் சொல்லி திரை வந்து நிற்கும்போதுதான் விழிக்கிறவர்கள் நிறைய. அதிலேயே என்ன மாறுகிறது, எப்போது, எதை எடுத்து வைக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று நாலு வரி போதும். எல்லாரும் ஒரே வாசகத்தை ஒட்டாதீர்கள், ஸ்பேம் என்று மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அவரவர் பாதிப்பை அவரவர் சொல்லில் எழுதட்டும்.

ஊழியர்களைத் தேடிப்போய்த் திட்டுவது வேண்டாம். நூறு பேர் நல்ல விதமாக எழுதியதை ஒரு மிரட்டல் மூடிவிடும். எதிர்ப்பு என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் பெயரைப் பிடித்து வைப்பதும், குட்டையான பெயரை விற்பதும் நம் பக்கத்தையே கெடுக்கும். நல்ல பெயருக்கு விலை வந்துவிட்டால் அதற்காகக் கணக்கைத் திருடவும் ஆள் வரும்.

நிற்கவில்லை என்றால்

முழுசாக நிற்காமல் போகலாம், டிஸ்கார்டில் நிற்கவில்லை. ஆனால் முழுசாக நிறுத்துவது மட்டும் வெற்றி இல்லை. ஃபேஸ்புக்கின் உண்மைப் பெயர் விதியால் 2014-இல் பலர் கணக்கை இழந்தார்கள், அமெரிக்காவில் மேடைப் பெயரில் வாழும் டிராக் கலைஞர்கள் (பெரும்பாலும் பெண் வேடமிட்டு மேடையேறுகிறவர்கள்) முன்னால் நின்று போராடினார்கள். அந்த அக்டோபரில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி கிறிஸ் காக்ஸ் மன்னிப்புக் கேட்டார். விதி போகவில்லை, ஆனால் 2015 டிசம்பரில் புகார் செய்யும் முறையும் விளக்கம் சொல்லும் முறையும் மாறின. அதேபோல மாற்றம் வந்த பிறகும் தமிழ்த் தேடல், பழைய பெயரைக் காட்டும் அடையாளம், நீக்கப்பட்ட பெயரை உடனே வேறொருவருக்குத் தராமல் இருப்பது என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பெயர் எடுக்கும்போது, மற்ற தளங்களில் இருக்கும் அதே பெயரை எடுப்பதா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தேடி வருகிறவர்கள் எல்லாரும் வேண்டியவர்கள் என்றால் எடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி வேறு சொல்லாகப் பாருங்கள். பிறந்த வருஷம் வேண்டாம், ஊர் பெயர் வேண்டாம். பெயர் மாறிய அன்றே ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் யார் அனுப்பலாம் என்ற செட்டிங்கைத் திறந்து, எல்லாரும் என்பதை ஆஃப் செய்து, நண்பர்களின் நண்பர்கள் என்பதை மட்டும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம். டிஸ்ப்ளே நேமில் உங்கள் பழைய பெயரைத் தமிழிலேயே போடுங்கள். அப்புறம் அந்த ஐடி பட்டியலை எடுத்து, முக்கியமான பத்துப் பேருக்காவது, "இது நான்தான், இனி பெயர் இது, ஐடி அதேதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.